எடிரின் அர்த்தம் படித்த கதை

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் தலைவர்.

எடிரின் அப்போதுதான் கையிலிருந்த ஏழு எழுத்துக் கட்டைகளையும் ஒரே மூச்சில் பலகையில் இறக்கியிருந்தான். 'ரெட்சினா' என்று ஒரு சொல். எதிரே இருந்தவன் தலையில் கை வைத்துவிட்டான். முழுக் கையையும் காலி செய்தால் ஐம்பது புள்ளி கூடுதல். நைஜீரியாவின் வாரி நகரத்தில் எந்த ஸ்கிராபிள் ஆட்டக்காரனும் அந்த நேரத்தில் எழுந்து ஒரு சுற்று நடனம் ஆடிவிட்டுத்தான் உட்காருவான். எடிரினும் எழுந்திருக்க வேண்டியவன்தான். ஆனால் தலைவரின் விரல் அந்தச் சொல்லின்மேல் இருந்தது. விரலா அது, வாழைப்பழம் கணக்காக இருந்தது.

தலைவர் ஒரு காலத்தில் பளு தூக்கி நாட்டுக்கே மெடல் வாங்கிக் கொடுத்தவர். மாநில விளையாட்டு மன்றத்துக்குத் தலைவராக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. காலையில் குத்துச்சண்டைக்காரர்களைப் பார்த்துவிட்டு, அதே வியர்வையோடு இங்கே வந்திருந்தார்.

"சொல்லுப்பா. என்ன அர்த்தம்?"

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாதா? அப்புறம் எதுக்கு வச்சே?"

"இதே எழுத்துல இன்னும் நாலஞ்சு சொல் இருக்குங்க ஐயா. ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர்... ஆனா இந்த இடத்துல இது ஒண்ணுதான் உக்காரும்."

"அந்த நாலஞ்சுக்காவது அர்த்தம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

தலைவர் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "ம்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னமோ கிறுக்கினார். பிறகு அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆட வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடமும் அதே கேள்வி. புரொபசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சொல்லின் அர்த்தத்தைச் சொல்லி, அது எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு வந்தது என்பதையும் சொல்லி முடித்தார். தலைவர் அவர் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். புரொபசர் இருமினார்.

அவ்வளவுதான். எடிரினுக்குத் தன் சொல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவன்மேல் என்ன தப்பு? ஸ்கிராபிள் அவனுக்குப் பொழுதுபோக்கு இல்லை, உத்தியோகம். பந்து உதைக்கிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் கொடுக்கிற மாதிரி அவனுக்கும் மாநிலம் மாதச் சம்பளம் கொடுக்கிறது. எழுத்துகளைக் காட்டினால், அவற்றைக் கலைத்துப் போட்டு எத்தனை சொல் வரும் என்று ஒப்பிக்க வேண்டும். அதுதான் தொழில். அர்த்தத்தை யார் கேட்டார்கள்? கசாப்புக் கடைக்காரனிடம் போய் ஆட்டுக்கு என்ன பேர் என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்?

ஆனால் வாரக் கடைசியில் தோரித்சே வந்து அவன் தலையில் கல்லைப் போட்டான். தோரித்சே அவனுடைய கூட்டாளி. ஒரே வருஷத்தில் அணிக்கு வந்தவர்கள். எடிரின் மலேரியாவில் சுருண்டு கிடந்தபோதெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டியவன்.

"டேய், விஷயம் தெரியுமா? தலைவரோட டிரைவர் மன்டே சொன்னாரு. தேசிய விளையாட்டு விழாவுக்கு இந்தத் தடவை ஆறே பேர்தானாம். மத்தவங்களுக்கு வருஷக் கடைசியோட சீட்டுக் கிழிச்சிடுவாங்களாம்."

"ஆறு பேரா! எப்படி எடுப்பாங்களாம்?"

"முதல்ல நாம ஆடணும். அதுல பன்னிரண்டு பேரு. அப்புறம் தலைவரே நேர்ல உக்காந்து பரீட்சை வைப்பாராம். அர்த்தப் பரீட்சை!"

"அர்த்தமா?"

"அர்த்தம்தான்! எல்லாம் உன்னாலதான்டா. 'தெரியாது'ன்னு பட்டுனு சொன்னியே, மனுஷன் கடுப்பாயிட்டாரு."

எடிரினுக்கு வேறு தொழில் தெரியாது. வெல்டிங் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்து கையைச் சுட்டுக்கொண்டு ஓடி வந்தவன். இந்த இடமும் போனால் மனைவி சம்பாத்தியத்தில் வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு, 'எழுத்துப் பொறுக்கி' என்று.

அன்று சாயங்காலம், வாழ்நாளில் முதல்முறையாக, மனைவி ருக்கேயிடம் போய் நின்றான். ருக்கே ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. எண்ணெய்ப்பனைப் பழத்தில் வைத்த பங்கா குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மரவள்ளி மாவில் ஸ்டார்ச் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ருக்கே, எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு."

அவள் துடுப்பை நிறுத்தினாள். "உங்களுக்கா? உலகத்துல இருக்கிற இங்கிலீஷ் சொல் எல்லாம் உங்க வாயிலதானே குடியிருக்கு!"

"சொல் தெரியும். அர்த்தம் தெரியாது."

"அது கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியுமே. மேடையில சத்தியம் பண்ணீங்களே, அதுல ஒரு சொல்லுக்காவது அர்த்தம் தெரிஞ்சா பண்ணீங்க?"

இப்படித்தான் பாடம் தொடங்கியது. சாப்பாடு ஆனதும் மகள் எசேயைத் தூங்க வைத்துவிட்டு ருக்கே எதிரே வந்து உட்காருவாள். அவன் எழுத்துகளைச் சொல்லுவான், அவற்றில் ஒளிந்திருக்கிற சொற்களை வரிசையாக ஒப்பிப்பான். அவள் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லுவாள்.

"டீச்சர், சீட்டர், ஹெக்டேர். மூணும் ஒரே எழுத்து."

"டீச்சர்னா நான். சீட்டர்னா ஏமாத்துறவன். ஹெக்டேர்ங்கறது நிலம் அளக்கறது. எனக்கு நிலம் வாங்கித் தரேன்னு எங்கப்பன்கிட்ட சொன்னீங்களே, அப்ப இந்த மூணும் ஒண்ணாத்தான் இருந்திருக்கு."

"சும்மா இரு. அடுத்தது. லிசன், சைலன்ட், டின்செல், என்லிஸ்ட்."

"காது குடுத்துக் கேக்கறது. வாயைத் திறக்காம இருக்கறது. ஜிகினா. பட்டாளத்துல சேர்றது."

"நாலும் ஒரே எழுத்துலயா?" என்று வியந்தான் எடிரின். இத்தனை வருஷமாக அவனுக்கு அவை நான்கும் ஒரே சாமானின் நான்கு பக்கங்கள்.

"ஆமா. இந்த வீட்டுல முதல் ரெண்டையும் நான் ஒருத்திதான் பண்ணிக்கிட்டு இருக்கேன். சரி, மேல சொல்லுங்க."

"மேரீட், அட்மைரர்."

"முதல் சொல்லு கல்யாணம் ஆனவன். ரெண்டாவது, ஒருத்தரைப் பாத்துப் பாத்து ஆசைப்படுறவன்" என்றாள். "ஒரே எழுத்துதான். ஆனா ரெண்டும் ஒரே ஆளா இருந்து நான் பாத்ததில்ல."

எடிரின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் பாடத்துக்கு வரும்போது புது ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். அதை அவன் கவனிக்கவில்லை. வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அர்த்தம் ஏற ஏற இன்னொரு கோளாறு முளைத்தது. பயிற்சியில் கட்டைகளைத் தூக்கிப் பார்த்தால், முன்பெல்லாம் சொற்கள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். இப்போது ஒவ்வொரு சொல்லும் தன் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. 'ஸ்ட்ரெஸ்ட்' என்று பார்ப்பான். மன அழுத்தம். உண்மைதான், எனக்கும் அதுதானே என்று நினைப்பான். அதே எழுத்தில் 'டெசர்ட்ஸ்', சாப்பாட்டுக்குப் பின்னால் தின்கிற இனிப்பு. எசேக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னோமே என்று ஞாபகம் வரும். அதற்குள் கடிகாரம் ஓடிப் போயிருக்கும். அணிக்கு நேற்று வந்த பையனிடமெல்லாம் தோற்றான்.

"உனக்கு என்னடா ஆச்சு?" என்று கோச் கேட்டார்.

"உடம்பு சரியில்ல கோச்."

அர்த்தம் பரீட்சைக்கு வேண்டும், ஆட்டத்துக்கு வேண்டாம். இதற்கு என்ன வழி? மருந்துக் கடையில் இதற்கு மாத்திரை கிடையாது. அதனால் எடிரின் பாஸ்டரிடம் போனான். தகரக் கொட்டகைச் சபை அது. பிள்ளைப்பேற்றைத் தடுக்கிற ஆவி, விசாவைத் தடுக்கிற ஆவி என்று பாஸ்டர் எத்தனையோ ஆவிகளை விரட்டியவர்.

"உன்னைப் பிடிச்சிருக்கிறது எந்த ஆவி, மகனே?"

"அர்த்தம், பாஸ்டர்."

"என்னது?"

"அர்த்தம். ஆடும்போது வந்துடுது. ஆடும்போது மட்டும் விலகி நின்னாப் போதும். மத்த நேரத்துல இருக்கட்டும்."

பாஸ்டருக்கு இது புதுசு. ஆனாலும் தொழிலை விட்டுக்கொடுக்காத மனிதர். எடிரின் தலையில் கையை வைத்து அழுத்தினார். "அர்த்தமே! இந்த மனுஷனை விட்டு வெளியே வா! உனக்கு இவனிடத்தில் பங்கில்லை!" என்று இங்கிலீஷில் கொட்டகை அதிரக் கத்தினார். எடிரின் விழுந்தான். அர்த்தம் விழவில்லை. விழுந்த இடத்தில் கிடந்தபடியே, பாஸ்டர் கத்திய ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் அர்த்தம் புரிவதைக் கண்டு அவனுக்கு அழுகை வந்தது.

அதோடு போயிற்றா? ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதைச் சாட்சியாக மைக்கில் சொல்லிவிட்டார். "நம்ம சகோதரர் எடிரின், மாநில ஆட்டக்காரர், ராத்திரியெல்லாம் அர்த்தம் படித்துப் படித்து ஆவியிடம் மாட்டிக்கொண்டவர், இன்று விடுதலையானார்!" சபை முழுக்க அல்லேலூயா. திங்கட்கிழமை ராத்திரி தோரித்சே வாசலில் நின்றான்.

"அடப்பாவி! அர்த்தம் படிக்கிறியாமே? எனக்குச் சொல்லவே இல்ல பாத்தியா!"

"யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்லடா."

"ருக்கே அண்ணியை எனக்கும் சேத்துச் சொல்லிக் குடுக்கச் சொல்லுடா. நான் ஒரு மூலையில உக்காந்துக்கறேன். சாப்பாடுகூட வேணாம்."

எடிரினுக்கு மனசு ஒரு நொடி இளகியது. மறு நொடியே கணக்குப் போட்டது. ஆறு இடம். தோரித்சே நன்றாக ஆடுகிறவன். அர்த்தமும் தெரிந்துவிட்டால் ஆறில் ஒன்று அவனுக்குத்தான். அப்புறம் தனக்கு என்ன மிஞ்சும்?

"கெட்ட கனவு வந்துச்சுடா, அதுக்குத்தான் பாஸ்டர்கிட்டப் போனேன். ருக்கேக்கு இப்பப் பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம். மூச்சு விட நேரமில்ல."

தோரித்சே அவனைப் பார்த்தான். உள்ளேயிருந்து ருக்கே, "வாங்க, இன்னிக்கு 'எஸ்'லேருந்து ஆரம்பிக்கலாம்!" என்று கூப்பிட்டாள். தோரித்சே படியிறங்கிப் போனான்.

"ஏன் அவரை அனுப்பிட்டீங்க?" என்றாள் ருக்கே.

"எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா நான் எப்படி ஜெயிக்கறது?"

"நல்லாப் படிக்கிறீங்க. வெட்கம்னு ஒரு சொல்லு இருக்கே, அதுக்கு நான் இன்னும் அர்த்தம் சொல்லலியா?"

சபைச் செய்தி கோச் காதுக்கும் போயிற்று. அவர் எடிரினைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபது வருஷமாக அணியை வளர்த்தவர். அதிகம் பேச மாட்டார்.

"நீ அர்த்தம் படிக்கிறதா கேள்விப்பட்டேன்."

"அய்யோ, இல்ல கோச்."

"படிச்சா விட்டுடு. அது நம்ம தொழில் இல்ல. இதுக்கு மேல என்னால பேச முடியாது, புரியுதா?"

எடிரினுக்குப் புரிந்தது. கோச்சும் தோரித்சேயும் ஒரே தெரு. ஓஹோ, கதை அப்படிப் போகிறதா! தன்னைப் படிக்கவிடாமல் பண்ணிவிட்டு அவனை உள்ளே தள்ளப் பார்க்கிறார் கிழவர். வீட்டுக்குப் போனதும் பாடத்தை இரண்டு மடங்காக்கினான்.

ஆட்டம் நடந்த மூன்று நாளும் பாடாய்ப் பட்டான். ஒரு கட்டத்தில், எதிரே ஆடியவன் வைத்த ஒரு சாதாரணச் சொல்லைப் பார்த்து, 'இதுக்கு அர்த்தம் ஞாபகம் வரலியே, இப்படி ஒரு சொல் இருக்க முடியாது' என்று தோன்றிவிட்டது. கையைத் தூக்கி, அது சொல்லே இல்லை என்று சவால் விட்டான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. இளவட்டங்கள்கூடத் தூக்கத்தில் சொல்லுகிற சொல் அது. நடுவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்காமலே சிரித்தார். தப்பான சவாலுக்கு எடிரின் ஆட வேண்டிய ஒரு முறை போயிற்று, மானமும் கூடவே போயிற்று.

இன்னொரு ஆட்டத்தில் கையில் 'மேரீட்' வந்தது. கூடவே 'அட்மைரர்'. இரண்டும் உட்காரப் பலகையில் இடம் இருந்தது. எதை வைப்பது? ருக்கே போட்டிருந்த புது ரவிக்கை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பச்சையா, நீலமா? பாவம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிப் புள்ளி குறைந்தது.

ஆனாலும் பழைய பயிற்சி கைவிடவில்லை. தட்டுத் தடுமாறிப் பன்னிரண்டாவது ஆளாக ஒட்டிக்கொண்டான். ஐந்தாவதாக வந்தவன் தோரித்சே.

மறுநாள் அர்த்தப் பரீட்சை. ஒவ்வொருவராகத் தலைவரின் அறைக்குள் போய்வர வேண்டும். தோரித்சே போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"என்னடா?"

"கேட்டதுக்கெல்லாம் 'தெரியாது, தெரியாது'ன்னேன். மனுஷன் சிரிக்கிறாருடா. போச்சு எல்லாம். நான் எங்கண்ணன்கூட மீன் பிடிக்கப் போறேன்."

"கவலைப்படாத. கடவுள் பாத்துக்குவாரு" என்று தோளில் தட்டினான் எடிரின். உள்ளே போகும்போது அவனுக்கு நடை கொஞ்சம் மிதந்தது. அதை மறைக்க முடியவில்லை.

தலைவர் அவனைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார். "வாப்பா வா! உனக்குப் பரீட்சையே வேண்டாம். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று ஒரு சொல்லைக் காட்டினார்.

பரீட்சையே வேண்டாமாம்! 'மக்கு'ன்னு முடிவே கட்டிட்டான் பாரு, என்று எடிரினுக்கு ரோஷம் பொங்கியது. இருடா, காட்டுகிறேன். அர்த்தத்தைச் சொன்னான். தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. இன்னொரு சொல்லைக் காட்டினார். அதையும் சொன்னான். அதே எழுத்தில் வேறு என்னென்ன சொல் வரும் என்றும், அவற்றுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்றும் கேட்காமலே சொன்னான். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பப்பா படிச்சே இதெல்லாம்?"

"இந்தக் கொஞ்ச நாள்லதாங்க ஐயா. நீங்க அன்னிக்குக் கேட்டீங்க, அது மனசுல தைச்சிடுச்சு."

"அடடா" என்றார் தலைவர். "அடடா, அடடா." தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வந்ததைக் கேட்டு எடிரினுக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு பாராட்டு அவனுக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

வெளியே வந்ததும் ருக்கேக்குப் போன் போட்டான். "கோழி வாங்கிடு! பெப்பர் சூப் வை!"

"நெஜமாவா?" என்றாள் ருக்கே. "எல்லாத்துக்கும் சொன்னீங்களா? நான் சொல்லிக் குடுத்ததெல்லாம்?"

"ஒண்ணு விடல. ருக்கே, அந்தப் புது ரவிக்கை... நல்லா இருந்துச்சு."

மறுமுனையில் "எசே! அப்பாவுக்குக் கெடச்சிடுச்சுடி!" என்று அவள் கூவுவது கேட்டது.

சாயங்காலம் பெயர்களைக் கோச் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பச்சைச் சட்டை. இரண்டாவது பெயர் தோரித்சே. அவன் தன் பெயர்தானா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஓடினான். ஆறாவது சட்டையும் போயிற்று. எடிரின் கையை நீட்டியபடி நின்றான். பக்கத்தில் புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கோச் எடிரினின் கண்ணைப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

தோரித்சே சட்டையோடு அவன் எதிரே வந்து நின்றான். "எனக்கு ஒண்ணுமே புரியலடா. நல்லவேளை நீ எனக்குச் சொல்லிக் குடுக்கல, சொல்லிக் குடுத்திருந்தா பதட்டத்துல உளறியிருப்பேன்" என்றான். குத்திக் காட்டுகிறானா, நிஜமாகவே சொல்லுகிறானா என்று தெரியவில்லை. அர்த்தம் படித்தவனுக்கே அது தெரியவில்லை.

வெளியே காருக்குப் பக்கத்தில் டிரைவர் மன்டே சுட்ட வாழைக்காயைத் தின்றுகொண்டிருந்தார். தலை நரைத்த மனிதர். எடிரின் நேரே அவரிடம் போனான்.

"மன்டே அண்ணே, இது என்ன அநியாயம்? நீங்கதானே அர்த்தப் பரீட்சைன்னு சொன்னீங்க? ஒரு சொல் விடாம சொன்னேன்! 'தெரியாது'ன்னவனுக்கெல்லாம் சட்டை குடுத்திருக்காங்க!"

மன்டே வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "பரீட்சை வைப்பாருன்னுதான் சொன்னேன். சொன்னவங்களை எடுப்பாருன்னு நான் சொல்லவே இல்லியே. தலைவர் பளு தூக்கின ஆளு தம்பி. இரும்புத் தட்டுல எத்தனை கிலோன்னு படிச்சுட்டுக் குனியறவன் தூக்க மாட்டான்னு எப்பவும் சொல்லுவாரு."

எடிரினின் போன் அடித்தது. ருக்கே. அவன் எடுக்கவில்லை, அது அடித்துக்கொண்டே இருந்தது.

மன்டே கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க 'தெரியாதுங்க ஐயா'ன்னு சொன்னீங்களே, அப்பவே அந்தத் துண்டுக் காகிதத்துல உங்க பேரைத்தான் தம்பி முதல் ஆளா எழுதினாரு, இன்னிக்கு உங்களைக் கழிக்கறதுக்குள்ள மனுஷன் பாதி உசிரா போயிட்டாரு."